கரையில் ஒதுங்கிய அழுகல் சடலம் எந்த உயிரி? அடையாளம் காண ஒரு வழிகாட்டி

அடையாளம் தெரியாத சடலம் ஒன்று கரை ஒதுங்கினால் பொழுது சாய்வதற்குள் அதற்குப் பத்துப் பெயர் கிடைத்துவிடும். கடல் நாகம், டைனோசர், வேற்றுக்கிரகவாசி என்று. சரியான பெயர் கிடைக்கத்தான் வாரக்கணக்கில் ஆகும். அப்படி ஒரு பெயருக்காக நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது, எதை முதலில் செய்வது, யார் என்ன ஆவணம் கேட்பார்கள், எதற்குக் காசு போகும் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்த குறிப்பு கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 'மர்ம உயிரி' என்று பேசப்பட்டு, பிறகு ஒழுங்காக ஆராயப்பட்டவை பெரும்பாலும் திமிங்கலம், சுறா, அல்லது தண்ணீரில் ஊறிய ஏதாவது கரை விலங்கு என்றுதான் முடிந்திருக்கின்றன. பாதி உடம்பு காணாமல் போயிருப்பதால்தான் விநோதமாகத் தெரிகிறது. ஆகவே 'இது எதைப் போல இருக்கிறது' என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, 'இதிலிருந்து எது உதிர்ந்து போயிருக்கிறது' என்று கேட்டுப் பழகுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான்.

1. கிட்டே போவதற்கு முன்

முதலில் அது செத்துவிட்டதா என்று தூரத்திலிருந்து சில நிமிடம் பாருங்கள். பெரிய திமிங்கலங்கள் நிமிடக்கணக்கில் மூச்சை அடக்கும். உயிர் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.

அழுகும் திமிங்கலத்தின் உள்ளே வாயு சேரும். 2004 ஜனவரியில் தைவானின் தைனான் நகரத்துச் சாலையில், லாரியில் ஏற்றிப்போன ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் வெடித்து, குடலும் இரத்தமும் கடைகள், வண்டிகள் மேல் எல்லாம் கொட்டியது. வயிறு உப்பியிருந்தால் குத்திப் பார்க்கவோ மேலே ஏறவோ கூடாது. அலை அடிக்கும் இடத்தில் கிடந்தால் சடலத்துக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். ஒரு அலையில் அது உருண்டு வந்துவிடும்.

நோய்த்தொற்று கற்பனை பயம் அல்ல. கடல் பாலூட்டிகளிடமிருந்து புருசெல்லா போன்ற பாக்டீரியா மனிதருக்குத் தொற்றும். பறவைக் காய்ச்சல் வைரஸ் சீல்களையும் கடற்சிங்கங்களையும் கொன்றிருக்கிறது. கையுறை, முகக்கவசம், மூடிய காலணி மூன்றும் வேண்டும். கையில் கீறல் இருந்தால் தொடவே வேண்டாம்.

நாயைக் கட்டிப்போடுங்கள். கரையில் உயிருக்குப் போராடும் திமிங்கலங்களுக்குச் சில இடங்களில் கருணைக்கொலை ஊசி போடுவார்கள். அந்த மருந்து சதையில் தங்கும். அதைத் தின்ற நாயும் சாகலாம்.

அப்புறம், அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துக் கடல் ஏறும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் அவகாசம் அவ்வளவுதான். 'நாளைக்குக் காலையில் வந்து நிதானமாகப் பார்க்கலாம்' என்று போனவர்களுக்கு வெறும் மணல்தான் கிடைக்கும்.

2. படமும் அளவும்

பெரும்பாலான சடலங்களை நல்ல படங்களை வைத்தே நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள். கெட்ட படம் என்றால் யாராலும் சொல்ல முடியாது. எல்லாரும் எடுப்பது ஒரே படம்: தலைப்பக்கம் நின்று, சாய்கோணத்தில், பக்கத்தில் ஒரு மனிதரை நிறுத்தி. அதில் அளவும் தெரியாது, வடிவமும் தெரியாது.

பக்கவாட்டில் செங்கோணமாக நின்று முழு உடம்பையும் எடுங்கள். மறுபக்கமும் அதேபோல. பிறகு தலை, வாயின் உள்பக்கம், பற்கள், துடுப்புகள், வால் நுனி, வெளியே தெரியும் எலும்பு, அந்த எலும்பின் முகம் (முனையில் தெரியும் பரப்பு), 'முடி' மாதிரி ஏதாவது தெரிந்தால் அதன் நெருக்கமான படம். ஒவ்வொரு நெருக்கப் படத்திலும் அளவுகோல் இருக்கட்டும். செருப்பு, பாட்டில் எல்லாம் கடைசி வழி. ஆளுக்கு ஆள் செருப்பின் அளவு வேறு.

நீளத்தை உடம்பின் வளைவோடு அளக்காமல், பக்கத்தில் மணலில் நேர்கோடு போட்டு அளக்கவும். திமிங்கலம் என்றால் மூக்கு நுனியிலிருந்து வால் மடல்களின் நடுப்பள்ளம் வரை. தலையோ வாலோ இல்லையென்றால் 'எஞ்சிய பகுதியின் நீளம்' என்றே எழுதுங்கள். 1808-இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கிய சடலத்துக்கு 55 அடி நீளம் என்று எழுதிவைத்தார்கள். முதுகெலும்புத் துண்டுகளைப் பார்த்த ஆங்கிலேய உடற்கூறு அறிஞர் எவரார்ட் ஹோம், அது பாஸ்கிங் சுறா (வாயைத் திறந்தபடி நீந்தி இரை வடிகட்டும் பெரிய சுறா வகை) என்றார். ஆனால் அந்தச் சுறா வழக்கமாக 40 அடியைத் தாண்டுவதில்லை. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு இன்றுவரை சண்டை ஓய்ந்தபாடில்லை.

தேதி, நேரம், ஜி.பி.எஸ். புள்ளி, முதலில் பார்த்தவர் யார், அதற்குப் பிறகு யாராவது வெட்டினார்களா, இழுத்தார்களா என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அளவு சுருங்கும், உள்ளே பதிந்த தேதியும் இடமும் போய்விடும். மூலக் கோப்பை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

3. எலும்பா, குருத்தெலும்பா, இரண்டும் இல்லையா?

இனி அடையாளம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அ) குருத்தெலும்பு என்றால் சுறா அல்லது திருக்கை. கத்தி நுனி இறங்கும், காய்ந்தால் சுருங்கிக் கோணும். சுறாவின் முதுகெலும்புத் துண்டு இரு முகமும் உட்குழிந்து உடுக்கை மாதிரி இருக்கும். குழிக்குள் வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும். நீண்ட பக்கவாட்டு எலும்புகள் ஒட்டியிருக்காது.

'கழுத்து நீண்ட டைனோசர்' எல்லாம் வருவது இங்கேயிருந்துதான். பாஸ்கிங் சுறா அழுகும்போது தளர்வாகத் தொங்கும் தாடையும் பெரிய செவுள் வளைவுகளும் முதலில் கழன்று விழும். மிஞ்சுவது ஒரு சின்ன மண்டையும் அதன் பின்னால் நீண்ட முதுகுத்தண்டும். பார்த்தால் குட்டித் தலை, நீளக் கழுத்து. சுறாவின் முதுகுத்தண்டு வாலின் மேல்மடலுக்குள் மட்டுமே போகிறது. கீழ்மடல் உதிர்ந்ததும் வால் கூர்மையாகிவிடும். முன்துடுப்பு இரண்டு, பின்துடுப்பு இரண்டு, ஆணாக இருந்தால் பின்துடுப்பை ஒட்டி இரண்டு இனப்பெருக்க உறுப்புகள். ஆக மொத்தம் ஆறு 'கால்'. ஸ்ட்ரான்சே சடலத்துக்கு ஆறு கால் இருந்ததாகச் சொன்னவர்கள் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை.

1977 ஏப்ரலில் நியூசிலாந்து அருகே ஜப்பானின் சூயியோ மாரு என்ற மீன்பிடிக் கப்பல் வலையில் சிக்கியதும் இதே வடிவம்தான். சுமார் 10 மீட்டர் நீளம், ஏறக்குறைய 1,800 கிலோ. பிடித்த மீன் கெட்டுவிடும் என்று சடலத்தைக் கடலில் தள்ளிவிட்டார்கள். நல்லவேளையாக, தள்ளுவதற்கு முன் சில படங்களும் துடுப்பிலிருந்து கொஞ்சம் நாரும் எடுத்திருந்தார்கள். அந்த நாரின் அமினோ அமிலங்கள் பாஸ்கிங் சுறாவின் துடுப்பு நாரோடு ஒத்துப்போயின. முழுச் சடலமும் போனபிறகு விடை சொன்னது ஒரு பிடி நார்.

ஆ) உண்மையான எலும்பு என்றால் முதுகெலும்புத் துண்டின் முகத்தைப் பாருங்கள். இரு பக்கமும் குழிந்திருந்தால் எலும்பு மீன். ரிப்பன் மாதிரி தட்டையாக, பல மீட்டர் நீளத்துக்கு, தலையில் சிவப்புக் கொண்டையோடு இருந்தால் ஓர்ஃபிஷ்.

முகம் ஏறத்தாழ தட்டையாக இருந்து, பக்கவாட்டிலும் மேலேயும் நீண்ட தகட்டெலும்புகள் கிளம்பினால் திமிங்கலம் அல்லது ஓங்கில் (டால்ஃபின்). இளம் திமிங்கலத்தில் அந்த முகத்திலிருந்து வட்டமான தட்டு ஒன்று தனியாகக் கழன்று வரும். அது வேறு ஏதோ விலங்கின் எலும்பு என்று தோன்றும், ஏமாறாதீர்கள். துடுப்பின் உள்ளே கை எலும்பும் விரல் எலும்புகளும் வரிசையாக இருக்கும். சதை போனபிறகு இந்த 'கை'யைப் பார்த்துத்தான் பலர் மிரண்டுபோகிறார்கள். வால் மடல்களில் எலும்பே கிடையாது. அதனால் அவை சீக்கிரம் போய்விடும், முதுகுத்தண்டு மெலிந்துகொண்டே போய் முடியும்.

கீழ்த்தாடை கவட்டை வடிவில் நீண்டு, ஒவ்வொரு பக்கமும் இருபதுக்கு மேல் கூம்புப் பற்களும், மேல்தாடையில் வெளியே தெரியும் பல் இல்லாமலும் இருந்தால் ஸ்பெர்ம் திமிங்கலம். பல்லே இல்லாமல் வில்போல் வளைந்த இரண்டு பெரிய தாடை எலும்புகள் இருந்தால் பலீன் திமிங்கலம், அதாவது பல்லுக்குப் பதில் இரையை வடிகட்டும் பலீன் தகடுகள் கொண்டது. பலீன் தகடுகள் ஈறோடு சேர்ந்து சீக்கிரமே கழன்று விழும். அவை இல்லையே என்பதற்காக அந்த வாய்ப்பைத் தள்ளிவிடக் கூடாது. தொண்டையிலிருந்து வயிறு நோக்கி ஓடும் நீளமான மடிப்புக் கோடுகளைத் தேடுங்கள். 2017 மே மாதம் இந்தோனேசியாவின் செராம் தீவில் ஒதுங்கிய ஏறத்தாழ 15 மீட்டர் சடலத்தை ராட்சதக் கணவாய் என்றார்கள். படத்திலேயே அந்த மடிப்புகளும் பலீனும் தெரிந்தன. இன்னொன்று, வாயு அழுத்தத்தில் ஆண் திமிங்கலத்தின் குறி வெளியே தள்ளும். அதைத் தும்பிக்கை, கணவாய்க் கை என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு.

விலா எலும்பு அசாதாரணமாகக் கனமாக, உள்ளே பொந்து இல்லாமல் கெட்டியாக இருந்தால் கடற்பசுவை யோசியுங்கள்.

இ) இரண்டும் இல்லை, வெறும் மொத்தை என்றால் பொறுமை வேண்டும். வெள்ளையாகவோ சாம்பலாகவோ, ரப்பர் போல, கத்திக்கு மசியாமல் கிடக்கும். கண் இல்லை, வாய் இல்லை. உடனே 'ராட்சத ஆக்டோபஸ்' என்பார்கள். 2003 ஜூலையில் சிலியின் லாஸ் முவெர்மோஸ் கரையில் 12 மீட்டர் அளவில், 13 டன் எடையில் அப்படி ஒன்று ஒதுங்கியது. டி.என்.ஏ. சோதனையில் அது ஸ்பெர்ம் திமிங்கலம் என்று வந்தது. 2004-இல் வெளியான அந்த ஆய்வு 1896 ஃபுளோரிடா மொத்தை, 1960 தாஸ்மேனியா மொத்தை உள்ளிட்ட பழைய மாதிரிகளையும் திரும்பப் பார்த்துவிட்டு, எல்லாமே திமிங்கல மிச்சம் என்று முடித்தது. எலும்புக்கூடு பிரிந்து கடலுக்கு அடியில் போய்விட, தோலடிக் கொழுப்பின் கொலாஜன் (நார்ப்புரதம்) வலை மட்டும் மிதந்து வருகிறது. உண்மையான கணவாய் என்றால் உறிஞ்சிகளும் கெட்டியான அலகும் இருக்க வேண்டும். அவை சதையைவிட அதிக நாள் தாங்கும்.

4. 'முடி' என்னும் பொறி

'உடம்பு முழுக்க ரோமம், அதனால் புதுவகைப் பாலூட்டி' என்பது அடிக்கடி வரும் முடிவு. ஒரு இழையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ரோமம் என்றால் தோலிலிருந்து வேரோடு வரும், உருண்டையாக ஒரே தடிமனில் இருக்கும். கொலாஜன் நார் என்றால் சதைக்குள்ளேயே தொடரும், பிரிக்கப் பிரிக்க இன்னும் மெல்லிய நாராகப் பிரியும். மூன்றாவது வகை சுறாத் துடுப்பின் உள்ளே இருக்கும் விறைப்பான, பளபளப்பான இழைகள். துடுப்பின் ஓரம் சிதைந்ததும் பிடரிமயிர் போல வெளியே நிற்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் பத்து இழையைக் காகித உறையில் போட்டு வையுங்கள். சாதாரண நுண்ணோக்கி போதும்.

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு. ரோமமுள்ள விலங்கு தண்ணீரில் ஊறினால் மேல்தோல் வழுகி ரோமம் மொத்தமும் போய்விடும். மிஞ்சுவது வழுவழுப்பான, உப்பிய, 'அலகு' வைத்த ஒரு ஜந்து. 2008 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் மான்டாக் கரையில் ஒதுங்கி உலகம் சுற்றிய படம் அப்படித்தான். பல்வரிசை, மண்டை, பாதம் ஆகியவற்றைப் பார்த்தவர்கள் ரக்கூன் என்றார்கள். மூக்குத் திசு அழுகினால் முன்னெலும்பு நீட்டிக்கொண்டு அலகுபோலத் தெரியும். விரலும் நகமும் விதவிதமான பற்களும் இருந்தால் நாய், பன்றி, மாடு ஆகியவற்றின் மண்டைப் படங்களோடு முதலில் ஒப்பிடுங்கள். சீலும் இந்தப் பட்டியலில் சேரும்.

5. யாருக்குச் சொல்வது, என்ன எழுதுவது

இங்கேதான் ஆள் களைத்துப்போவது. மீன் என்றால் மீன்வளத்துறை, பாலூட்டியோ ஆமையோ என்றால் வனவிலங்குத் துறை, குப்பையாக அகற்றுவதென்றால் உள்ளாட்சி. அது எது என்று தெரியாமல்தானே கேட்கிறோம் என்றால் யாரிடமும் பதில் இருக்காது. என்னையும் இப்படி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இதற்கு வழி: ஒரே மின்னஞ்சலை மூன்று இடத்துக்கும், கூடவே பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறைக்கும், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள். கரை ஒதுங்கும் உயிர்களைப் பதிவுசெய்யும் வலையமைப்பு உங்கள் நாட்டில் இருந்தால் அதற்கு முதல் அழைப்பு.

மின்னஞ்சலின் தலைப்பில் இடமும் தேதியும் 'ஓதத்தில் அடித்துச் செல்லப்படலாம்' என்ற எச்சரிக்கையும் இருக்கட்டும். உள்ளே ஐந்தாறு வரி போதும்: ஜி.பி.எஸ். புள்ளி, நேரம், நீளம், எலும்பா குருத்தெலும்பா, சிதைவு நிலை, இணைத்திருக்கும் படங்கள். சிதைவு நிலைக்குக் கடல் பாலூட்டி ஆய்வாளர்கள் 1 முதல் 5 வரை எண் வைத்திருக்கிறார்கள். 1 உயிரோடு இருப்பது, 2 புதிதாகச் செத்தது, 3 ஓரளவு அழுகியது, 4 முற்றிலும் அழுகியது, 5 காய்ந்ததோ வெறும் எலும்போ. 'நிலை 4' என்று எழுதினாலே எதிர்ப்பக்கம் நிமிர்ந்து உட்காருவார்கள். 'மர்ம உயிரி', 'அசுரன்' என்ற சொற்களைத் தவிருங்கள். அவை பத்திரிகையாளரை வரவழைக்கும், ஆய்வாளரை வரவழைக்காது.

காத்திருக்கும் நேரத்தில், உயிரினப் படங்களைப் பலரும் பதிந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படங்களை ஏற்றலாம். இறந்த உயிரிகளையும் அங்கே பதியலாம், செலவில்லை. எலும்பு பொறுக்க ஆள் திரண்டுவிடுவார்கள் என்று தோன்றினால் இடத்தை மங்கலாக்கிப் பதியும் வசதி இருக்கிறது.

6. மாதிரி எடுப்பது: முதலில் அனுமதி

பல நாடுகளில் திமிங்கலம், ஓங்கில், ஆமை, கடற்பசு ஆகியவற்றின் பல்லோ எலும்போ ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போவதே குற்றம். செத்துக் கிடந்தது என்பது சாக்காகாது. அதனால் வெட்டுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொலைபேசியில் 'சரி, எடுத்துக்கோங்க' என்றால், 'இன்று பேசியபடி இந்த மாதிரியை எடுக்கிறேன்' என்று உடனே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அதிகாரியே வந்து எடுத்தால் இன்னும் நல்லது.

அனுமதி இருந்தால், வெயில் படாத உட்பகுதியிலிருந்து நகத்தளவுத் துண்டு போதும். தடிமனாக இருந்தால், கெடாமல் வைக்க ஊற்றும் எத்தனால் (ஆல்கஹால்) உள்ளே இறங்காது. 95 சதவீத எத்தனாலில், திசுவைப்போல் பல மடங்கு திரவம் இருக்கும்படி போட்டு, மறுநாள் திரவத்தை மாற்றுங்கள். எத்தனால் இல்லையென்றால் காய்ந்த உப்பில் புதைத்து வைக்கலாம், அல்லது உறைய வைக்கலாம். ஃபார்மலின் மட்டும் வேண்டாம், அது டி.என்.ஏ.வைக் கெடுக்கும். ஆய்வகத்தில் ஃபார்மலின்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சதை மிகவும் அழுகியிருந்தால் பல்லோ கெட்டியான எலும்புத் துண்டோ நம்பகமானது. ஒவ்வொரு துண்டுக்கும் புதிய பிளேடு, தனிக் குப்பி, பென்சிலில் எழுதிய சீட்டு. பேனா மை எத்தனாலில் கரைந்துபோகும்.

7. செலவும் காலமும்

படம் பார்த்துச் சொல்வதற்குப் பெரும்பாலும் யாரும் காசு கேட்பதில்லை. நல்ல படம் போய்ச் சேர்ந்தால் ஓரிரு நாளில் பதில் வரும். காசு போவது டி.என்.ஏ. சோதனைக்கும் அனுப்பும் செலவுக்கும். பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: கட்டணம் மாதிரி ஒன்றுக்கா, மொத்தத்துக்கா? டி.என்.ஏ. கிடைக்காமல் போனால் கட்டணம் உண்டா? வெறும் டி.என்.ஏ. எழுத்து வரிசைக் கோப்பு மட்டும் தருவார்களா, இனம் இன்னதென்று ஒப்பிட்டு அறிக்கையும் தருவார்களா? மூன்றாவதை விட்டுவிட்டால் எழுத்துகள் நிரம்பிய ஒரு கோப்பு வந்து சேரும், அவ்வளவுதான். அதை ஜென்பேங்க் என்ற டி.என்.ஏ. வரிசைத் தரவுத்தளத்தில் நீங்களே இலவசமாக ஒப்பிடலாம் என்றாலும், முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. ஆய்வுக்காகவே மாதிரி சேகரிக்கும் பல்கலைக்கழகக் குழு கிடைத்தால் இலவசமாகச் செய்வார்கள், ஆனால் அவர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

எத்தனால் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் கூரியர்க்காரர்கள் மறுப்பார்கள். உப்பில் வைத்த மாதிரி இங்கே கைகொடுக்கும். நாட்டு எல்லையைத் தாண்டி அனுப்புவதாக இருந்தால் கதையே வேறு. எல்லாத் திமிங்கலங்களும் பாஸ்கிங் சுறாவும் சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன. கடுகளவு தோலுக்கும் உரிமம் வேண்டும். சடலம் என்னவென்றே தெரியாதபோது எந்த இனத்தின் பெயரில் உரிமம் கேட்பது என்ற சிக்கலும் சேரும். முடிந்தவரை உள்நாட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சைட்டீஸில் பதிவுபெற்ற அறிவியல் நிறுவனங்களுக்கு இடையே மாதிரி போய்வர எளிய நடைமுறை உண்டு. அருங்காட்சியகத்தின் வழியாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. பதில் வந்தபிறகு

'பலீன் திமிங்கலம், இனம் தெரியவில்லை' என்று வந்தால் ஏமாற்றம் வேண்டாம். நிலை 4 சடலத்தின் படத்தை வைத்து அதற்கு மேல் சொல்கிறவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். டி.என்.ஏ. முடிவு வந்தால் எத்தனை சதவீதம் பொருந்துகிறது, எந்த மரபணுப் பகுதி என்பதையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் களக்குறிப்பில் எழுதிய எலும்போடு அது முரண்பட்டால், மாதிரி மாறியதா அல்லது வேறு உயிரியின் டி.என்.ஏ. கலந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாதிரியை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, படங்கள், அனுமதி மின்னஞ்சல், அளவுக் குறிப்பு எல்லாவற்றையும் அந்த எண்ணின் பெயரிலேயே ஒரு கோப்புறையில் போட்டு, அதன் நகலை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.